ஜான் லூயிஸ்: பாலத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவே 21 ஆண்டுகள்

“தெருவில் இறங்கிப் போராடியவர்கள் தேர்தலில் நின்று பதவிக்கு வந்ததும் மாறிவிடுகிறார்கள் என்பார்களே, அமெரிக்காவின் ஜான் லூயிஸ் மாறினாரா? அவர் எப்படி அரசியல்வாதி ஆனார்?” என்பது கேள்வி.

மாறினார்தான். ஆனால் அந்த மாற்றம் பதவிக்கு வருவதற்கு வெகுமுன்பே நடந்துவிட்டது. லூயிஸின் கதையை வழக்கமாக இரண்டு காட்சிகளில் சொல்லி முடித்துவிடுவார்கள். 1965-ல் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போய், அலபாமா மாநிலத்தின் செல்மா பாலத்தில் போலீஸ் அடியில் மண்டை உடைந்து விழுந்த 25 வயது இளைஞர் ஒன்று. 1987 ஜனவரியில் வாஷிங்டனில் பதவியேற்ற 46 வயது மக்கள் பிரதிநிதி இன்னொன்று. இடையில் கிடக்கிற 21 ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஆண்டுகளில்தான் அவரைச் சொந்த அமைப்பே தலைமையிலிருந்து இறக்கியது, ஊர் ஊராகப் போய் வாக்காளர்களைப் பதிய வைத்தார், ஒரு தேர்தலில் தோற்றார், கடைசியில் உயிர் நண்பரை எதிர்த்து நின்று ஜெயித்தார். உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. அதனால் மற்றதைச் சுருக்கி, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லூயிஸ் பிறந்தது 1940 பிப்ரவரி 21, அலபாமா மாநிலத்தில் ட்ராய் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். வெள்ளையர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுத கறுப்பினக் குடும்பம். 10 பிள்ளைகளில் மூன்றாமவர். அவருக்கு நாலு வயதாகும்போது அப்பா 300 டாலர் கொடுத்து 110 ஏக்கர் சொந்தமாக வாங்கினார். வீட்டுக் கோழிகளைக் கூட்டி வைத்து அந்தப் பையன் பிரசங்கம் செய்த கதையை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கக்கூடும். அவரே மேடைக்கு மேடை சொன்னதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. 16 வயதில் ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்கிறார். வெள்ளையருக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதே நூலகம் 1998-ல், அவர் நாடாளுமன்ற உறுப்பினராகி 11 ஆண்டுகள் கழித்து, அழைத்து அட்டையைக் கையில் கொடுத்தது.

மதபோதகராகும் எண்ணத்தோடு 1957-ல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குப் படிக்கப் போனார். கல்லூரியில் கட்டணம் இல்லை, அதற்குப் பதிலாகச் சமையலறையில் வேலை பார்க்க வேண்டும். அங்கே ஜேம்ஸ் லாசன் என்ற ஆசிரியர் கிடைத்தார். லாசன் 1950-களில் மூன்று ஆண்டுகள் நாக்பூரில் தங்கி, காந்தியின் சத்தியாக்கிரக முறையைப் படித்துவிட்டு வந்தவர். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவர் நடத்திய வகுப்புகளைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். காரணம், லூயிஸின் அறவழி பிறவிக் குணம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். அது பழகிப் பெற்ற பயிற்சி.

வகுப்பில் பாதிப் பேர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களாக நடிப்பார்கள், மீதிப் பேர் அவர்களைத் தாக்க வரும் கும்பலாக. முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியை இழுத்துக் கீழே தள்ளுவார்கள், வாயில் வராத வசவெல்லாம் வைவார்கள். விழுந்தவர் எப்படிச் சுருண்டு கொண்டு தலையையும் வயிற்றையும் காப்பது, அடிக்கிறவன் கண்ணை விடாமல் எப்படிப் பார்ப்பது, ஒருவரை அடிக்கும்போது இன்னொருவர் எப்படிக் குறுக்கே புகுந்து அடியைப் பங்கு போட்டுக்கொள்வது என்று மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. வெளியே போகும் மாணவர்களுக்கு லூயிஸும் அவருடைய அறைத்தோழர் பெர்னார்ட் லஃபாயெட்டும் சேர்ந்து விதிகளை எழுதி நகலெடுத்துக் கொடுத்தார்கள். அடித்தால் திருப்பி அடிக்காதே, திட்டினால் திட்டாதே, சத்தமாகச் சிரிக்காதே, நிமிர்ந்து உட்கார், முகம் எப்போதும் உணவு மேடையைப் பார்த்தே இருக்கட்டும், தலைவர் சொல்லாமல் எழுந்து போகாதே. ராணுவக் கட்டளை மாதிரி இல்லையா?

1960 பிப்ரவரி 13 அன்று நாஷ்வில் கடைத்தெருவில் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவு மேடைகளில் போய் உட்கார்ந்தார்கள். 27-ம் தேதி கும்பல் அடித்தது. போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு அடிவாங்கியவர்களைக் கைது செய்தது. லூயிஸுக்கு அதுதான் முதல் சிறை. வம்பு வழக்கு வேண்டாம் என்று சொல்லி வளர்த்த வீடு அவருடையது. அம்மாவுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. மே 10 அன்று நாஷ்வில் கடைகள் பணிந்தன.

1961-ல் விடுதலைப் பயணங்கள். மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளிலும் நிலையங்களிலும் இனப்பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது, தெற்கில் யாரும் அதை மதிக்கவில்லை. அதைச் சோதிக்க மே 4 அன்று வாஷிங்டனிலிருந்து கிளம்பிய 13 பேரில் லூயிஸும் ஒருவர். தென் கரோலினாவின் ராக் ஹில் நிலையத்தில் அடிவாங்கினார். பிறகு அலபாமாவின் மான்ட்கோமரியில் தலையில் மரப்பெட்டியால் அடித்து மயக்கம் போட வைத்தார்கள். அதன் பின் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறை. ராக் ஹில்லில் அவரை அடித்தவர்களில் ஒருவரான எல்வின் வில்சன் 2009-ல், 48 ஆண்டுகள் கழித்து, வாஷிங்டன் அலுவலகத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். லூயிஸ் அந்த இடத்திலேயே மன்னித்தார்.

சரி, அரசியலுக்கு வருவோம். மாணவர் அறப்போராட்ட ஒருங்கிணைப்புக் குழு என்ற அமைப்பு 1960-ல் உருவானது. அமெரிக்காவில் அதைச் சுருக்கமாக ‘ஸ்னிக்’ என்பார்கள். 1963-ல் 23 வயதில் லூயிஸ் அதன் தலைவரானார். இரண்டே மாதத்தில் வாஷிங்டன் பேரணி, ஆகஸ்ட் 28. அன்று மேடையில் பேசியவர்களில் வயதில் இளையவர் அவர்.

அவர் கையில் இருந்த உரை சாதாரண உரை அல்ல. கென்னடி அரசு கொண்டுவந்த சிவில் உரிமை மசோதாவை மனசாட்சிப்படி ஆதரிக்க முடியாது என்று அதில் இருந்தது. மத்திய அரசு யார் பக்கம் என்ற கேள்வி இருந்தது. உள்நாட்டுப் போரில் ஜெனரல் ஷெர்மன் தெற்கைச் சுட்டெரித்துக்கொண்டு போனது போல நாங்களும் அறவழியில் தெற்கின் நடுவே அணிவகுத்துப் போவோம் என்று இருந்தது. முந்தைய நாளே பிரதி வெளியே கசிந்துவிட்டது. வாஷிங்டன் பேராயர் பேட்ரிக் ஓ’பாயில், இதை மாற்றாவிட்டால் தொடக்க ஜெபம் சொல்ல மேடைக்கு வர மாட்டேன் என்றார். லிங்கன் நினைவகத்தில் சிலைக்குப் பின்னால் ஒரு சிறு அறையில், வெளியே கூட்டம் திரண்டு நிற்கும்போது, தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சண்டை நடந்தது. கடைசியில் 74 வயது ஃபிலிப் ராண்டால்ஃப் வந்து, இந்த நாளுக்காக வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தேன், கெடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். கறுப்பினத் தொழிலாளர் இயக்கத்தின் பெரியவர் அவர். இப்படி ஒரு பேரணியை 1941-லேயே திட்டமிட்டவர். மற்றவர்களிடம் முறைத்துக்கொண்டிருந்த லூயிஸ் அவரிடம் மறுக்கவில்லை. ஷெர்மன் போனார், ‘யார் பக்கம்’ என்ற கேள்வி போனது, மசோதாவை ஆதரிக்க முடியாது என்றது ‘குறைகளோடு ஆதரிக்கிறோம்’ என்று மாறியது. மாற்றிய பிறகும் அன்றைய உரைகளில் அதுதான் காரமானது என்பது வேறு விஷயம்.

அவருடைய கூட்டாளிகள் சிலர் இதைச் சமரசம் என்றார்கள். என் கணக்கில் லூயிஸ் முதல்முறையாக அரசியல் செய்தது அன்றைக்குத்தான். எதை விட்டுக்கொடுக்கலாம், யாருக்காக விட்டுக்கொடுக்கலாம் என்று அவசரத்தில் முடிவெடுப்பது அரசியல்தானே.

செல்மாவைப் பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். செல்மா இருக்கும் டல்லஸ் மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். பட்டியலில் பெயர் இருந்தது 300 சொச்சம் பேருக்கு. பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள்தான் திறக்கும். வந்தவர்களிடம் ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை குமிழி இருக்கும் என்றுகூடக் கேட்டார்களாம்; லூயிஸ் அடிக்கடி சொல்வார். பக்கத்து மேரியன் ஊரில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரைப் போலீஸ்காரர் சுட்டு அவர் இறந்த பிறகு, தலைநகர் மான்ட்கோமரிக்கு நடந்து போய் நியாயம் கேட்பது என்று முடிவானது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: லூயிஸ் தலைவராக இருந்த ஸ்னிக் அந்த நடைப்பயணத்தில் சேர மறுத்துவிட்டது. மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு வரும், ஊர்வலம் நடத்தும், படம் வெளியாகும், போய்விடும். ஊரில் கிடந்து வேலை செய்கிறவன் அடிவாங்குவான் என்ற கோபம் அவர்களுக்கு. இரவெல்லாம் விவாதித்து, போகிறவர் தனிமனிதராகப் போகலாம் என்று விட்டார்கள். லூயிஸ் தனிமனிதராகத்தான் போனார். 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. முதுகுப் பையில் இரண்டு புத்தகம், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பல்துலக்கும் பிரஷ். கைதாகிச் சிறையில் ஓரிரவு இருக்க வேண்டிவரும் என்று கணக்குப் போட்டு எடுத்துவைத்தவை. எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் மறுபுறம் மாநிலப் போலீஸ் நின்றது. கலைந்து போக இரண்டு நிமிடம் கொடுத்தார்கள், அதுவும் முடியுமுன்பே பாய்ந்தார்கள். சுமார் 600 பேர் கொண்ட ஊர்வலத்தில் முதல் வரிசையில் இருந்த லூயிஸின் மண்டை ஓட்டில் விரிசல் விழுந்தது. அன்றிரவே நாடெங்கும் தொலைக்காட்சியில் அது ஓடியது. ஆகஸ்ட் 6 அன்று அதிபர் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

உலகம் முழுக்கத் தெரிந்த முகமான அடுத்த ஆண்டே அவரைத் தள்ளிவிட்டார்கள். 1966 மே மாதம் டென்னசியின் கிங்ஸ்டன் ஸ்பிரிங்ஸில் ஸ்னிக் கூட்டம். முதலில் நடந்த வாக்கெடுப்பில் லூயிஸ் மறுபடி தேர்வானார். பலர் படுக்கப் போன பிறகு, அந்தத் தேர்தல் செல்லாது என்று ஒருவர் கிளப்பினார். விடியும் வரை வாக்குவாதம். மறுவாக்கெடுப்பில் ஸ்டோக்லி கார்மைக்கேல் ஜெயித்தார். வெள்ளை மாளிகைக்குப் போய் வருகிறார், கிங் பின்னாலேயே சுற்றுகிறார், அடிவாங்கிக்கொண்டே இருப்பதைத் தவிர இவருக்கு வேறு வழி தெரியவில்லை என்பது அவர் மீது இருந்த குறை. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்தாறு ஆண்டுகளாக அடிவாங்கிக் கொண்டிருந்த இளைஞர்களின் பொறுமை தீர்ந்து போயிருந்தது. ஆனால் நடந்த விதம் லூயிஸை நொறுக்கிவிட்டது. கையில் வேலை இல்லை, பணம் இல்லை, வயது 26.

நியூயார்க்கில் ஓர் அறக்கட்டளையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பாதியில் நின்ற பட்டப்படிப்பை ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் முடித்தார். 1968-ல், மறைந்த அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியின் அதிபர் பிரசாரத்தில் சேர்ந்தார். ஏப்ரலில் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது இண்டியானாபொலிஸில் கென்னடியின் கூட்ட ஏற்பாட்டில் இருந்தார். ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டலில் கென்னடி சுடப்பட்டபோது மேல்மாடியில் அவருடைய அறையில் காத்திருந்தார். இரண்டே மாதத்தில் இரண்டு தலைவர்கள். அவர் தலைமுறையில் எத்தனையோ பேர் அந்த ஆண்டோடு பொதுவாழ்க்கையை விட்டுப் போனார்கள்.

லூயிஸ் போய்ச் சேர்ந்த இடம் யாரும் படம் எடுக்க வராத இடம். 1970-ல் அட்லாண்டாவில் இருந்த வாக்காளர் கல்வித் திட்டத்துக்கு இயக்குநரானார். அந்த அமைப்பின் வேலை தெற்கின் கிராமங்களில் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது, அவ்வளவுதான். சட்டம் வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று தோன்றலாம். மிசிசிப்பியில் 1965-க்கு முன் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் 7 சதவீதம் பேர்கூடப் பட்டியலில் இல்லை. இரண்டே ஆண்டுகளில் அது 60 சதவீதத்தை நெருங்கியது. ஆனால் எண்ணிக்கை தானாக ஏறிவிடாது. பெயர் பதிந்தால் பண்ணையில் வேலை போகும், வங்கியில் கடன் நிற்கும் என்ற பயம் ஊர்களில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தேவாலயமாக, ஒவ்வொரு முடிதிருத்தும் கடையாகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. பருத்தி பறித்த கைகள் இனி ஆள்பவர்களைப் பொறுக்கி எடுக்கட்டும் என்ற பொருள்பட அவர்கள் ஒட்டிய சுவரொட்டி புகழ்பெற்றது.

1977 வரை அந்த வேலை. அவர் காலத்தில் சுமார் 40 லட்சம் சிறுபான்மை வாக்காளர்கள் பட்டியலில் சேர உதவியதாகச் சொல்வார்கள். அதில் எத்தனை பங்கு அவருடையது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆனால் ஒரு மாவட்டத்தில் வாக்காளரை எப்படி எண்ணுவது, யாரை முதலில் போய்ப் பார்ப்பது, தேர்தல் அன்று வாகனம் யார் ஏற்பாடு செய்வது என்ற தொழில்நுட்பத்தை அவர் கற்றது இங்கேதான். மேடையில் ஏறினால் நாக்குக் குழறும், உச்சரிப்பில் அலபாமா மண் ஒட்டியிருக்கும். ஆனால் வேலை தெரிந்த மனிதர் என்ற பெயர் வந்தது. அந்தப் பயணங்களில் அவரோடு கூடவே ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் ஜூலியன் பாண்ட்.

ஜூலியன் பாண்டைத் தெரிந்துகொள்ளாமல் லூயிஸின் அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது. லூயிஸ் வாரத்துக்கு உழுதவர் மகன் என்றால் பாண்ட் கல்லூரித் தலைவரின் மகன். பார்க்க அழகர், பேச்சில் நகைச்சுவை, கவிதை எழுதுவார். ஸ்னிக்கில் செய்தித் தொடர்பு அவர் பொறுப்பு. 1965-ல் ஜார்ஜியா சட்டமன்றத்துக்குத் தேர்வானார். வியட்நாம் போரை எதிர்த்த ஸ்னிக் அறிக்கையை ஆதரித்தார் என்பதற்காகச் சட்டமன்றம் 184-க்கு 12 என்ற வாக்கில் அவரைப் பதவியேற்க விடாமல் வெளியே நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் 1966 டிசம்பரில் ஒருமனதாக அது தவறு என்று தீர்ப்பளித்த பிறகுதான் உள்ளே போனார். 1968 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிந்தார்கள். அப்போது அவருக்கு 28 வயது, குறைந்தபட்ச வயது 35, சிரித்துக்கொண்டே விலகினார். கறுப்பின அரசியலில் அடுத்த பெரிய நட்சத்திரம் யார் என்று 1970-களில் கேட்டிருந்தால் பத்துக்கு ஒன்பது பேர் பாண்ட் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இருவரும் குடும்ப நண்பர்கள்.

1977-ல் லூயிஸ் முதல்முறை தேர்தலில் நின்றார். அட்லாண்டாவை உள்ளடக்கிய ஜார்ஜியாவின் 5-வது தொகுதி உறுப்பினர் ஆண்ட்ரூ யங்கை அதிபர் கார்ட்டர் ஐ.நா. தூதராக அனுப்பியதால் வந்த இடைத்தேர்தல் அது. வைச் ஃபவுலர் என்ற வெள்ளையரிடம் தோற்றார். கார்ட்டர் அரசில் தன்னார்வத் தொண்டுத் துறையில் ஒரு பதவி கிடைத்தது. 1981-ல் அட்லாண்டா நகர்மன்றத்துக்கு வந்தார். அங்கே கார்ட்டர் நூலகத்துக்குப் போகும் ஒரு பெருஞ்சாலைத் திட்டத்தை எதிர்த்தார். அப்போதைய மேயர் அதே ஆண்ட்ரூ யங். கறுப்பினப் பிரமுகர்கள் பெரும்பாலும் மேயர் பக்கம். சாலை ஊடே போகவிருந்த குடியிருப்புகளில் வெள்ளையர்கள் அதிகம். அவர்கள் லூயிஸை மறக்கவில்லை. இதைக் கொள்கை என்றும் சொல்லலாம், கணக்கு என்றும் சொல்லலாம். இரண்டும் இருந்தது என்பது என் எண்ணம்.

இங்கே தொகுதியின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1981-ல் ஜார்ஜியா தொகுதி எல்லைகளை மறுவரையறை செய்தபோது, 5-வது தொகுதியில் கறுப்பினத்தவர் பங்கை உயர்த்த வேண்டும் என்று மாநில செனட்டில் போராடியவர் ஜூலியன் பாண்ட். வெள்ளையர் கையில் இருந்த சட்டமன்றம் மறுத்தது. வாக்குரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே மத்திய நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ ஒப்புதல் வாங்க வேண்டும். நீதிமன்றம் ஜார்ஜியாவின் வரைபடத்தை நிராகரித்தது. கறுப்பினத்தவர் சுமார் 65 சதவீதம் இருக்கும்படி தொகுதி மாறியது. அதாவது, லூயிஸ் இரத்தம் சிந்திக் கிடைத்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாண்ட் உருவாக்கிய தொகுதி. 1986-ல் ஃபவுலர் செனட்டுக்குப் போட்டியிடப் போனதும் அது காலியானது. இருவரும் நின்றார்கள்.

ஊரே பாண்ட் பக்கம். பிரபலங்கள், பணம், கறுப்பினத் தலைவர்களில் பெரும்பாலோர் அவருக்கு. ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆகஸ்ட் முன்தேர்தலில் பாண்டுக்கு 47 சதவீதம், லூயிஸுக்கு 35. பாதியை யாரும் தாண்டாததால் செப்டம்பர் 2 அன்று மறுசுற்று. லூயிஸ் விடிகாலையில் பேருந்து நிறுத்தங்களில் நிற்பார், இரவு கடைசி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம் கை குலுக்குவார். ஜொலிக்கிற ஆளா, உழைக்கிற ஆளா என்று பிரசாரம் போனது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாண்ட் போதைப்பொருள் எடுப்பதாக ஊரில் வதந்தி இருந்தது. தொலைக்காட்சி விவாதத்தில், வாருங்கள், இருவரும் இப்போதே போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வோம் என்று லூயிஸ் சவால் விட்டார். 20 ஆண்டுத் தோழரைப் பார்த்து, நேரலையில். பாண்ட் மறுத்தார். இயக்கத்தில் உடன் இருந்த பலருக்கு அது அருவருப்பாக இருந்தது. எனக்கும் அதில் உடன்பாடில்லை. குற்றம் சாட்டாமலேயே குற்றவாளியாக்குகிற உத்தி அது.

முடிவு: லூயிஸ் 52, பாண்ட் 48. கறுப்பின வாக்குகளில் பெரும்பான்மை பாண்டுக்குத்தான் விழுந்தது. வெள்ளையர் வாக்குகளில் மிகப் பெரும்பான்மையும், கறுப்பின ஏழைகளில் கணிசமானவர்களும் சேர்ந்து லூயிஸைக் கரை சேர்த்தார்கள். பாண்டின் தேர்தல் வாழ்க்கை அதோடு முடிந்தது. பிறகு பேராசிரியராகவும், 1998 முதல் 2010 வரை கறுப்பினத்தவரின் மிகப் பழைய உரிமை அமைப்பின் தலைவராகவும் இருந்தார். நட்பில் விழுந்த விரிசல் ஆற வெகுகாலம் பிடித்தது. லூயிஸைச் சிலையாக்கிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பதவி வேண்டும் என்று அவர் எவ்வளவு தீவிரமாக விரும்பினார் என்பது இதில்தான் தெரிகிறது. பாலத்தில் அடிவாங்கிய அதே மனிதர்தான் அந்தச் சவாலையும் விட்டார்.

இனி நாடாளுமன்றம். இறக்கும் வரை 33 ஆண்டுகள் அதே தொகுதி. பெரிய சட்டங்களைத் தன் பெயரில் வரிசையாகக் கொண்டுவந்தவர் என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேற்பட்ட காலம் அவர் கட்சி சிறுபான்மையில் இருந்தது. அவர் பலம் விடாப்பிடி. வாஷிங்டனில் கறுப்பின வரலாற்றுக்குத் தேசிய அருங்காட்சியகம் வேண்டும் என்ற மசோதாவை 1988-லிருந்து ஒவ்வொரு அவையிலும் திரும்பத் திரும்பத் தாக்கல் செய்தார். 15 ஆண்டுகள் கழித்து, 2003-ல், அதிபர் புஷ் கையெழுத்திட்டார். 2016-ல் கட்டடம் திறந்தது.

தன் கட்சி அதிபர் கிளின்டன் 1996-ல் ஏழைகளுக்கான உதவித் திட்டத்தைச் சுருக்கியபோது எதிர்த்து வாக்களித்தார். அதே ஆண்டு ஒருபாலினத் திருமணத்துக்கு எதிரான சட்டம் பெரும் ஆதரவோடு வந்தபோது, கறுப்பினப் போதகர்கள் பலர் அதன் பக்கம் இருந்தும், அவையில் எழுந்து கடுமையாக எதிர்த்தார். இரண்டு இராக் போர்களையும் எதிர்த்தார். 1960-களில் சுமார் 40 முறை கைதானவர், உறுப்பினரான பிறகும் 5 முறை கைதானார்: தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்காக, சூடானின் டார்ஃபருக்காக, குடியேறிகளின் உரிமைக்காக. 2016 ஜூனில் ஆர்லாண்டோ துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவை விவாதத்துக்கே எடுக்காத அவையின் தரையில் 76 வயதில் உட்கார்ந்துவிட்டார். நாஷ்வில் ஒத்திகையில் கற்றதேதான். 24 மணி நேரத்துக்கு மேல் போனது அந்த மறியல். மசோதா வாக்கெடுப்புக்கு வரவில்லை.

காற்று வீசும் பக்கம் திரும்பியதும் உண்டு. 2008 அதிபர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் முதலில் ஹிலாரி கிளின்டனுக்கு ஆதரவு தெரிவித்தார். அவர் தொகுதி மக்கள் பெருவாரியாக ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள். உட்கட்சியில் எதிர்த்து நிற்க ஆட்களும் கிளம்பினார்கள். பிப்ரவரியில் ஒபாமா பக்கம் வந்துவிட்டார். மனசாட்சி, வரலாறு என்றெல்லாம் விளக்கம் சொன்னார், இருக்கலாம். தொகுதியைத் தவறவிடாத அரசியல்வாதி என்பதுதான் எனக்கு முதலில் தெரிகிறது. அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. மக்கள் சொல்வதைக் கேட்கத்தானே அவர்களைப் பட்டியலில் சேர்த்தார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த அரசியல் காரியம் செல்மா யாத்திரை. 1998 முதல் இரு கட்சி உறுப்பினர்களையும் செல்மாவுக்கு அழைத்துப் போய், பாலத்தில் கூட நடக்க வைப்பார். பார்க்கிறவர்களுக்கு அது நினைவஞ்சலி. உள்ளே இருந்தது ஆதரவு திரட்டல். வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் காலாவதியாகும் நேரத்தில், 2006-ல், அவற்றை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 390-க்கு 33, செனட்டில் 98-க்கு 0 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சித் தெற்கத்திய செனட்டர்கள்கூட எதிர்க்கவில்லை. யாத்திரை மட்டும் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தன் காயத்தை வாக்காக மாற்றத் தெரிந்த மனிதர் அவர்.

அது நிலைக்கவில்லை. 2013 ஜூன் 25 அன்று, அலபாமாவின் ஷெல்பி மாவட்டம் தொடுத்த வழக்கில், எந்த மாநிலங்கள் முன் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சூத்திரத்தை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ரத்து செய்தது. சூத்திரம் இல்லாமல் 5-வது பிரிவு செயலற்றுப் போனது. லூயிஸை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அந்தத் தொகுதி உருவாகக் காரணமான அதே பிரிவு. மீதி ஏழு ஆண்டுகளும் அதை மீட்கும் மசோதாவுக்கே அவர் கூடுதலாக உழைத்தார். கணையப் புற்றுநோயோடு 2020 ஜூலை 17 அன்று, 80 வயதில் இறந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாட மண்டபத்தில் அவர் உடலை மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். கறுப்பின உறுப்பினர் ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல்முறை. அஞ்சலி சொன்னவர்களில் மசோதாவை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அவர் பெயரையே சூட்டிய மசோதா 2021 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 212 என்று நிறைவேறியது. 2006-ல் ஒரு வாக்குகூட எதிர்ப்பின்றி நீட்டித்த அதே செனட் இந்த முறை அதை நிறைவேற்றவில்லை.